சில்லு வழுக்கினால்தான் முட்டி மடங்கும்

தரையில் காலை நீட்டி உட்காருங்கள். தொடையைத் தளர விட்டு, முழங்கால் சில்லின் இரு ஓரத்தையும் விரல்களால் பிடித்து மெல்ல அசையுங்கள். பக்கவாட்டில் நகரும், மேலும் கீழும்கூடக் கொஞ்சம் போகும். இப்போது தொடையை இறுக்குங்கள். ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும்.

என் சித்திக்கு மாவுக்கட்டைப் பிரித்த அன்று, தொடை தளர்ந்திருந்தும் சில்லு அசையவில்லை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து சில்லில் விரிசல். ஆறு வாரக் கட்டு. முட்டி 40 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை.

"எலும்புதான் கூடிருச்சே, அப்புறம் ஏன் மடங்க மாட்டேங்குது?" என்று கேட்டார்.

முட்டியை நாம் கதவுக் கீல் போல நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கால் முழுதாக மடங்கும்போது சில்லு தொடை எலும்பின் பள்ளத்தில் சுமார் 7 சென்டிமீட்டர் கீழே வழுக்கிப் போகிறது. அதற்கு இடம் கொடுப்பது சில்லுக்கு மேலே, தொடைத் தசைக்கு அடியில் இருக்கும் ஒரு சவ்வுப் பை. கால் நீண்டிருக்கும்போது புடவைக் கொசுவம் மாதிரி மடிந்து கிடக்கும்; மடக்கினால் கொசுவம் பிரியும்.

அடிபட்ட முட்டியில் ரத்தம் கசிந்து, அசைவும் இல்லாமல் போனால் அந்த மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூட்டு உறையிலும் நீர்ச்சத்து குறையும். அந்த உறை கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆனது; ஒன்றையொன்று உரசி நழுவ வேண்டிய அந்த இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் விழும்.

பிசியோதெரபிஸ்ட் முதலில் முட்டியை மடக்கவே இல்லை. சில்லைத்தான் பிடித்தார். கீழே தள்ளுவது மடக்குவதற்கு, மேலே தள்ளுவது நீட்டுவதற்கு. அப்புறம் பாதத்தில் துண்டை மாட்டி, குதிகாலைத் தரையோடு இழுத்து அப்படியே பிடித்திருக்கச் சொன்னார். கொலாஜனின் குணம் அப்படி: வெடுக்கென்று இழுத்தால் முறைக்கும், மெதுவாக இழுத்துப் பிடித்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இளகிக் கொடுக்கும். வலிக்க வலிக்க மடக்கினால் வீக்கம்தான் மிச்சம். வீக்கம் சும்மாவும் இருக்காது. நல்ல முட்டிக்குள் உப்புநீரை ஏற்றிப் பார்த்த சோதனைகளில், வலி பெரிதாக இல்லாதபோதும் முன்தொடைத் தசை சோர்ந்துபோனது. மூட்டு புடைத்திருக்கிறது என்ற சேதி போனதுமே தண்டுவடம் அந்தத் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது.

தசைமேல் வைத்து உருட்டும் நுரை உருளையை (ஃபோம் ரோலர்) வைத்து உருட்டினால் ஒட்டுதல் 'உடைந்துவிடும்' என்று விற்கிறார்களே, அதை நான் நம்புவதில்லை. உருட்டியதும் கால் இலகுவாவது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் நரம்பு மண்டலம் 'இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொள்' என்று தரும் தற்காலிக அனுமதி. அந்த நேரத்தில் பயிற்சி செய்துகொண்டால் லாபம். முற்றிப்போன ஒட்டுதலுக்கு மயக்கம் கொடுத்து மடக்குவார்கள், இல்லையென்றால் நுண்துளை வழியே வெட்டிவிடுவார்கள்.

சமதரையில் நடக்க 60 டிகிரிக்குச் சற்று மேல் போதும். படி ஏற, நாற்காலியில் உட்கார்ந்து எழ 90 வாக்கில் வேண்டும். குந்துவதற்கு 130-ஐத் தாண்ட வேண்டும். சித்தி மூன்று மாதத்தில் 115-க்கு வந்திருக்கிறார். பஸ் படி ஏறுகிறார். அரிவாள்மணையை மட்டும் இன்னும் சமையல் மேடைமேல்தான் வைத்திருக்கிறார்.