துருசும் டோர்பிடோக் குழாயும்

கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிரம்பிய நாளில் துருசுக் கதவை, அதாவது மதகுக் கதவை, தூக்கிப் பார்த்தவருக்குத் தெரியும், கையில் வரும் பாரம் இரும்பினுடையது மட்டுமல்ல என்று. குளம் நிறைந்தால் 36 அடி. அந்த ஆழத்தில் 533 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள ஒரு வட்ட மூடியின் மேல் சுமார் 2.4 தொன் அழுத்தம் ஏறும்.

அதென்ன 533? பழைய கணக்கில் 21 அங்குலம். நீருக்கடியில் ஓடித் தாக்கும் டோர்பிடோவை நீர்மூழ்கிகள் ஏவும் குழாய்க்கு உலகம் பழகிப்போன அளவு அதுதான். ஏவுகணைகளைக்கூட இந்த வாய்க்குள் நுழையும்படிதான் செய்கிறார்கள். பிறகு யார் மாற்றப் போகிறார்கள்? சோவியத் கப்பல்கள் சிலவற்றில் 650 மில்லிமீற்றர் குழாய்களும் உண்டு. சுவீடனின் கோட்லாண்ட் வகையில் 533 உடன் 400 மில்லிமீற்றர் குழாயும் இருக்கிறது.

என்னைக் கேட்டால் அகலம் பெரிய சங்கதியில்லை, கதவுதான் சங்கதி. கடலில் 100 மீற்றர் ஆழத்தில் அதே மூடியை சுமார் 23 தொன் அழுத்தும். எந்த மோட்டாரையும் அதோடு மல்லுக்கட்ட விடுவதில்லை. குழாயின் கப்பல் பக்கக் கதவான உள்கதவை மூடி, குழாய்க்குள் தண்ணீர் நிரப்பி, உள்ளழுத்தத்தைக் கடலின் அழுத்தத்துக்குச் சமமாக்குவார்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டால் வெளிக்கதவு லேசாகத் திறக்கும். இன்றைய கப்பல்களில் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்காதபடி பூட்டுப் பொறியும் உண்டு.

அப்புறம் தள்ளவேண்டும். நேரே அழுத்தக் காற்றை விட்டால் குமிழி மேலே போய்க் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பல கப்பல்களில் காற்று ஓர் உந்துதண்டைத் தள்ள, அது தண்ணீரைத் தள்ள, தண்ணீர் டோர்பிடோவைத் தள்ளுகிறது. வேறு சிலவற்றில் டோர்பிடோ தானே மோட்டாரை ஓடவிட்டு நீந்தி வெளியேறும். அதற்குக் குழாயில் கொஞ்சம் இடைவெளி வேண்டும்.

கதவைத் திறக்குமுன் பின்னால் தண்ணீர் நிற்கிறதா என்று எப்படி அறிவது? உள்கதவில் ஒரு சிறு சோதனைக் குழாய் இருக்கும். பின்னால் தண்ணீர் நின்றால், அதைத் திறந்ததும் தண்ணீர் வர வேண்டும். 1939 ஜூன் 1 அன்று லிவர்பூல் குடாவில் பிரித்தானியாவின் தெட்டிஸ் நீர்மூழ்கியில், ஐந்தாம் குழாயின் சோதனைத் துவாரத்தைப் பூச்சு அடைத்திருந்தது. தண்ணீர் வரவில்லை, சரி குழாய் காலி என்று உள்கதவைத் திறந்தார்கள். வெளிக்கதவும் திறந்தே கிடந்தது. 99 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பிரித்தானிய நீர்மூழ்கிகளின் உள்கதவில், முதலில் ஒரு கீற்றளவே திறக்கவிடும் கொக்கி ஒன்றைப் பூட்டினார்கள். தண்ணீர் பீறினால் அந்த இடத்திலேயே மூடிவிடலாம்.