மீன்பேனுக்கு வேம்பு ஏன் கசக்கிறது?

சோளகம் வீசும் மாதங்களில் வன்னியில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கும். குளங்கள் வற்றி அலைகரை உள்ளே தள்ளிப்போகும். வேம்பின் கீழே மஞ்சள் பழம் கொட்டிக் கிடக்கும். தண்ணீர் குறைந்தால் மீன்கள் நெருக்கமாகும், நெருக்கமானால் ஒட்டுண்ணிக்குக் கொண்டாட்டம். அதற்கான மருந்தின் மூலப்பொருளும் அதே நாட்களில்தான் முற்றத்தில் உதிர்கிறது.

வளர்ப்பு மீனில் கண்ணுக்குத் தெரியும் ஒட்டுண்ணி மீன்பேன். சில மில்லிமீற்றர் அகலம், தட்டையான உடல். கண்போலத் தெரியும் இரண்டு வட்டங்கள் கண்களல்ல, பிடித்துக்கொள்ளும் உறிஞ்சிகள். ஊசி போன்ற உறுப்பால் தோலைக் குத்திச் சாறும் இரத்தமும் குடிக்கும். மீன் துள்ளுவதும் கல்லில் உரசுவதும் இந்த அரிப்பால்தான். ஆனால் பல மீன்கள் சாவது பேன் கடித்தல்ல, கடிவாய் வழியாகப் புகும் பக்றீரியாவாலும் பூஞ்சணத்தாலும்.

பேன் என்று சொன்னாலும் இது இறால், நண்டு இனம். ஓடு உடலுக்கு வெளியே இருப்பதால், வளர வேண்டுமென்றால் பழைய சட்டையைக் கழற்றியே ஆகவேண்டும். அதற்கு நேரம் குறிப்பது எக்டைசோன் என்ற ஓமோன். வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் பூச்சிகளில் இந்த ஓமோன் சுரப்பதைக் குழப்பிவிடும். சட்டை பாதியில் சிக்கி உயிர் போகும். தங்கமீன்களில் செய்த சோதனைகளில் அசாடிராக்டின் கரைசல் மீன்பேனையும் கொன்றிருக்கிறது. மீன் சட்டை கழற்றுவதில்லை, ஆகவே இந்த வழியால் அதற்குப் பாதிப்பில்லை.

அதற்காக வேம்பு மீனுக்குப் பால் என்று நினைக்கவேண்டாம். சாறு கூடினால் மீனும் சாகும். குஞ்சுகள் தின்னும் நீர்த்தெள்ளும் சட்டை கழற்றுகிற சாதிதான், அதுவும் போகும். முதலில் ஒரு வாளியில் நாலைந்து மீனை விட்டு ஒரு நாள் பார்ப்பது நல்லது. கொட்டையை நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துபோகும், பூஞ்சணம் பிடித்தாலும் வீண். இதெல்லாம் குஞ்சு வளர்க்கும் சிறு தொட்டிக்கும் பண்ணைக் குளத்துக்கும் உரிய பேச்சு. இரணைமடு, வவுனிக்குளம் போன்ற பெரிய நீர்ப்பாசனக் குளங்களில் யாரும் மருந்து கரைக்க முடியாது.

'மூலிகைதானே, என்ன செய்யப்போகிறது' என்று நினைப்பவர்களுக்கு இலுப்பையைக் காட்டவேண்டும். இலுப்பைக்கடவை என்று ஊருக்கே பெயர் கொடுத்த மரம், கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த மரம். அதன் புண்ணாக்கில் சப்போனின் என்ற, சவர்க்காரம்போல நுரைக்கும் பொருள் இருக்கிறது. அது மீனின் பூ (செவுள்) வழியாக உள்ளே போய் இரத்தத்தின் செங்குழியங்களை உடைக்கும். வளர்ப்புக்கு முன் குளத்திலுள்ள களைமீன்களைக் கொல்லவே இந்தப் புண்ணாக்கைப் போடுவார்கள். இறாலுக்கு அந்த மாதிரி இரத்தம் இல்லை. சப்போனின் உள்ள தேயிலை விதைப் புண்ணாக்கை இறால் பண்ணைகளில் போட்டு மீனை மட்டும் கொல்வது இதனால்தான். பேனும் இறாலின் உறவு அல்லவா? இலுப்பையைப் போட்டால் மீன் செத்துப் பேன் மிஞ்சலாம்!

வெண்புள்ளி நோய் வேறு கதை. அதைத் தருவது மீனில் ஒட்டும் ஓர் ஒற்றைக் கல உயிர். கழற்ற ஓடே இல்லை. அதற்கு உள்ளியை (வெள்ளைப்பூண்டை) சோதித்திருக்கிறார்கள். உள்ளியை நசுக்கினால்தான் கிருமியைத் தாக்கும் அல்லிசின் என்ற பொருள் உண்டாகும், முழுப் பல்லில் அது இல்லை. ஆனால் அந்த உயிர் மீனின் தோலுக்கடியில் இருக்கும்போதும், அடியில் கூடு கட்டிப் பெருகும்போதும் மருந்து அதைத் தொடாது. தண்ணீரில் நீந்தி மீனைத் தேடும் ஓரிரு நாள்தான் வாய்ப்பு.

சரி, மீன்பேனுக்கு வருவோம். வேம்பு போட்டும் இரண்டு வாரத்தில் பேன் திரும்பி வந்தால் மருந்தைக் குறை சொல்லாதீர்கள். பெண் பேன் மீனை விட்டிறங்கி, கல்லிலும் தடியிலும் வரிசையாக முட்டை ஒட்டும். முட்டைக்குள் மருந்து எளிதில் போகாது. பொரித்தபின் இன்னொரு முறை போடவேண்டும். அல்லது பலகைகளை நீரில் தொங்கவிட்டு, முட்டை இட்டதும் எடுத்துக் காயவைப்பார்கள். நம் பக்கத்தில் பனைமட்டையே போதும் என்று நினைக்கிறேன். வாரம் ஒருமுறை மட்டையை இழுத்துக் குளக்கட்டில் போட்டால் மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்.