ஹிஃப்ளு (குர்ஆன் மனப்பாடம்) முடித்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்களா?

என் அக்கா மகன் நாலாம் வகுப்போடு மதரஸாவுக்கு ஓதப் போனான், மூன்று வருஷத்தில் ஹிஃப்ளு முடித்துவிட்டு வந்தான், அப்போது வயது 12. பள்ளியில், "நாலு பாஸ் டி.சி.தானே இருக்கு, அஞ்சுல உட்காரட்டும்" என்றார்கள். குர்ஆனின் முப்பது ஜுஸ்வும் (பாகமும்) மனப்பாடமான பையன், சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க ஒரு வாரம் உட்கார்ந்தான். அப்புறம் பள்ளிக்கூடமே வேண்டாம் என்றுவிட்டான். அந்தப் பள்ளி சொன்னது தப்பு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, படிப்பை இடையில் விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்கச் சொல்கிறது. விடுபட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி கொடுப்பது பள்ளியின் வேலை. 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை இலவசம்தான். "மதரஸாவுக்கு இந்தச் சட்டம் கிடையாதே" என்பார்கள். 2012 திருத்தம் விலக்குக் கொடுத்தது மதரஸாவுக்கு, அங்கே படித்த பிள்ளையின் உரிமை அப்படியேதான் இருக்கிறது. டி.சி. வரத் தாமதம் என்று திருப்பி அனுப்பவும் கூடாது. வாய்ப்பேச்சில் விடாதீர்கள். மனுவை எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். முடியாது என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள், பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள்.

மார்க்கக் கல்வி தரும் அரபிக் கல்லூரியில் இருந்துகொண்டே பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுகிற பிள்ளைகள் மாட்டுவது அறிவியலில். தேர்வுக்கு விண்ணப்பித்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாக, பல மாதம் முன்பே, மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்த அறிவிப்பு செய்தித்தாளின் ஒரு மூலையில் வந்து போய்விடும், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒதுக்கிய பள்ளியில் 80 சதவீத வகுப்புக்குப் போயிருந்தால்தான் செய்முறைத் தேர்வே எழுத விடுவார்கள். செய்முறையில் 25க்கு 15, எழுத்தில் 75க்கு 20, இரண்டிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒன்றில் நிறைய எடுத்து மற்றதைச் சரிக்கட்ட முடியாது.

விடுதிப் பிள்ளைக்கு வருகைதான் பெரிய கண்டம். பயிற்சித் தேதிகள் கைக்கு வந்த அன்றே ஹஜ்ரத்தை (அங்கே ஓதிக்கொடுக்கும் ஆசிரியரை) பார்த்து அந்த நாட்களுக்கு அனுமதி கேட்டுவிடுங்கள். நான் பார்த்தவரை, நேரில் போய்த் தேதியோடு கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. பதிந்ததற்கான சீட்டைப் பையன் பெட்டியில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். "உன் பெயர் பட்டியலில் இல்லை" என்று பயிற்சிப் பள்ளியில் சொன்னால், காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கும்.