காருக்கு மேல கனூ கட்டிக்கொண்டு போறவைக்கு: சிவப்புத் துணி பகலுக்கு மட்டும் தான்

கோடை வந்தா கனடா ஒன்ராறியோவில எங்கட சனம் மஸ்கோக்கா, ஆல்கொன்குயின் எண்டு வாவிப் பக்கம் வெளிக்கிட்டிடும். இப்ப கன குடும்பங்கள் பாவிச்ச கனூ (துடுப்புப் போடுற நீட்டு வள்ளம்) ஒண்டை சொந்தமா வாங்கி காருக்கு மேல கட்டிக்கொண்டு போகினம், பிள்ளையளுக்கும் நல்ல விசயம். ஆனா அதைப்பற்றின றூல்ஸைத் தமிழில ஒரு இடத்திலயும் நான் காணேல்லை. கார் லைசென்ஸுக்கு முதல் எழுதுற ஜி1 எழுத்துச் சோதனையைத் தமிழில எழுதலாம், லைசென்ஸ் எடுத்த பிறகு மாட்டுற சட்டத்தை மட்டும் இங்கிலிஷிலயோ ஃபிரெஞ்சிலயோ தான் வாசிக்கோணும்.

எனக்குத் தெரிஞ்ச அண்ணை ஒருத்தர், சின்ன ஹாச்பாக் கார், கனூ 17 அடி. முன்பக்கம் றோட்டை மறைக்குது எண்டு வள்ளத்தை நல்லாப் பின்னுக்குத் தள்ளிக் கட்டி, வால்ப்பக்கத்தில சிவப்புத் துவாய் ஒண்டு முடிஞ்சு விட்டிருந்தார். சனிக்கிழமை காலமை போகேக்க ஒரு பிரச்சினையும் இல்லை. செப்ரெம்பர் மாதம், ஞாயிறு திரும்பி வரேக்க ஹைவே 11 இல இருட்டிப்போச்சு, மறிச்சு ரிக்கெற் குடுத்திட்டினம். அடுத்தநாள் எனக்குப் போன் எடுத்து "தம்பி, நான் சிவப்பு கட்டித்தானே இருந்தனான், பிறகேன் ரிக்கெற்?" எண்டு கேட்டார். நான் வடிவாக் கேட்டுச் சொல்லுவம் எண்டு மூண்டு இடத்துக்குப் போன் அடிச்சன். ஒரு இடத்தில நாங்க பிளேற், லைசென்ஸ் மட்டும் தான் எண்டினம், அடுத்த இடத்தில பொலிசைக் கேளுங்கோ எண்டினம், கடைசி இடத்தில வக்கீலைக் கேளுங்கோ எண்டு வைச்சிட்டினம். அரை நாள் போச்சு. ஒரு வரியில சொல்லி முடிக்கிற விசயம் அது.

அந்த ஒரு வரி இது தான். நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்ர 111ஆம் பிரிவின்படி, சாமான் காரின்ர பின்பக்கத்தைத் தாண்டி 1.5 மீற்றரோ அதுக்கு மேலயோ நீட்டிக்கொண்டு நிண்டா அதின்ர கடைசி நுனியில அடையாளம் இருக்கோணும், பகலில சிவப்புக் கொடியோ சிவப்பு அடையாளமோ காணும், ஆனா சூரியன் மறையிறதுக்கு அரை மணித்தியாலம் முந்தியில இருந்து அடுத்தநாள் உதிச்சு அரை மணித்தியாலம் வரைக்கும் சிவப்பு லைற் தான் வேணும். வெளிச்சம் காணாத நேரம், கால நிலை மோசமான நேரமும் லைற் தான். "இன்னும் இருட்டேல்லையே" எண்டு சொல்லுற அந்தப் பின்னேர அரை மணித்தியாலத்திலயே துணி செல்லாது. அண்ணை இருட்டின பிறகும் லைற் இல்லாமத் துணியோட வந்து தான் மாட்டினவர்.

எங்கயிருந்து அளக்கிறது எண்டதிலயும் கனபேர் பிழை விடுகினம். கனூவின்ர நீளத்தில இல்லை, காரின்ர பின் நுனியில இருந்து வள்ளத்தின்ர நுனி வரைக்கும். அண்ணையின்ர கனூ ஏறக்குறைய 5.2 மீற்றர், கார் 4.1 மீற்றர். வள்ளத்தின்ர மூக்கு முன் பம்பருக்கு அரை மீற்றர் உள்ளுக்கு இருந்தா பின்னுக்கு 1.6 மீற்றர் நீட்டும், கணக்கு முடிஞ்சுது. அதே வள்ளத்தை நடுவில வைச்சுக் கட்டியிருந்தா சட்டப்படி கொடியே தேவையில்லை (இருந்தாலும் கட்டுங்கோ, பின்னால வாறவனுக்குத் தெரியட்டும்). வெளிக்கிட முந்தி ரேப் பிடிச்சு அளந்து, ரேப் தெரியிற மாதிரி போனில ஒரு படம் எடுங்கோ, பிறகு கோர்ட்டில கதைக்கிறதுக்கு உங்களிட்ட இருக்கிற ஒரே சாட்சி அது தான். தொங்குற துணி நம்பர் பிளேற்றை மறைச்சா அது வேற ஒரு குற்றம், அதையும் பாருங்கோ.

அதே 111ஆம் பிரிவில இன்னொரு பகுதி, சாமான் கழண்டோ விழுந்தோ பறந்தோ போகாத மாதிரிக் கட்டியிருக்கோணும் எண்டு. விழுந்தா தான் குற்றம் எண்டு நினைக்காதேங்கோ, விழக்கூடிய மாதிரிக் கட்டியிருந்தாலே காணும். அதால கட்டுறதைப்பற்றியும் கொஞ்சம் சொல்லுறன். கனூவைக் கவிட்டு வையுங்கோ, விளிம்பு ரெண்டும் கூரை ராக்கின்ர குறுக்குக் கம்பியில இருக்கோணும். கம்பிக்கு ஒண்டா ரெண்டு ஸ்ட்ராப், கையால இழுத்து இறுக்கிற பக்கிள் வைச்சது. ரச்செற் (பிடியை ஆட்டி இறுக்கிற பல்லுச் சில்லு ஸ்ட்ராப்) வேண்டாம், அது வள்ளத்தை நசிச்சுப்போடும். ரப்பர் கொக்கிக் கயிறை நம்பவே வேண்டாம், லொறி ஒண்டு பக்கத்தால போற காத்துக்கு அது இழுபட்டுக் குடுக்கும். பிறகு மூக்கில இருந்து ஒரு கயிறு, வாலில இருந்து ஒரு கயிறு, ரெண்டும் கீழ காரோட. கனபேர் முன் கயிறைப் பிளாஸ்ரிக் பம்பரில கொழுவி விடுகினம், அது கையால இழுத்தாலே உடையும். டிக்கிக்குள்ள ஸ்பெயார் ரயரோட ஒரு இரும்பு வளையம் கிடந்தா அது தான் கார் இழுக்கிற கொக்கி, பம்பரில இருக்கிற சின்ன மூடியைத் திறந்து அதைத் திருகிப்போட்டுக் கட்டலாம். மிச்சக் கயிறைத் தொங்க விடாதேங்கோ, முன் ரயருக்குள்ள போனா வள்ளத்தின்ர மூக்கை அப்படியே கீழ இழுத்து முறிச்சுப்போடும். ஓடத் தொடங்கிப் பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில ஒருக்கா நிப்பாட்டி எல்லாத்தையும் கையால ஆட்டிப் பாருங்கோ, மழை பெய்தா பிறகும் ஒருக்கா, நைலோன் நனைஞ்சா இளகும். கூரை எத்தினை கிலோ தாங்கும் எண்டு காரோட வந்த புத்தகத்தில இருக்கும், அந்தக் கணக்கில ராக்கின்ர நிறையும் சேரும்.

இனி ரிக்கெற் வந்தா என்ன செய்யிறது, எங்கட ஆக்கள் கூட இழக்கிற இடம் இது தான். ரிக்கெற்றில எழுதியிருக்கிற 15 நாள் உண்மையான 15 நாள். அதுக்குள்ள ஒண்டில் காசைக் கட்டோணும், இல்லாட்டி பிரொசிக்கியூட்டரை (வழக்கை நடத்துற அரச தரப்பு ஆள்) சந்திக்கக் கேக்கோணும், இல்லாட்டி விசாரணை கேக்கோணும். ஒண்டும் செய்யாம மேசை லாச்சிக்குள்ள போட்டா நீங்க எதிர்க்கேல்ல எண்டு எடுத்து, உங்களை விசாரிக்காமலே குற்றவாளி எண்டு பதிஞ்சிடுவினம். காசும் கட்டாம விட்டா லைசென்சையே நிப்பாட்டலாம், அதுக்குப் பிறகு அது தெரியாமக் கார் ஓடி மறிபட்டா முதல் ரிக்கெற்றை விடப் பெரிய சிக்கல்.

காசைக் கட்டிறதும் குற்றத்தை ஒப்புக்கொள்ளுறது தான். "பொயின்ற் (லைசென்ஸ் குற்றப்புள்ளி) போகாது, கட்டிப்போட்டு விடுங்கோ" எண்டு சொல்லுற ஆக்களைக் கேளாதேங்கோ. இன்சூரன்ஸ் கொம்பனி பொயின்ற்றைப் பாக்கிறேல்ல, பதிவில இருக்கிற குற்றத்தைத் தான் பாக்கும், மூண்டு வருசப் பதிவில அது நிக்கும். பிரொசிக்கியூட்டர் குறைச்சுத் தாறன் எண்டு சொன்னாலும் எதை ஒப்புக்கொள்ளச் சொல்லுகினம் எண்டு கேட்டு விளங்கின பிறகு தான் ஓம் எண்டு சொல்லுங்கோ.

பாசை பிரச்சினையா இருந்தா, கோர்ட்டில தமிழ் மொழிபெயர்ப்பாளர் உங்கட உரிமை, ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. ஆனா ஃபோர்ம் நிரப்பேக்கயே தமிழ் எண்டு எழுதிக் கேக்கோணும், அந்தக் கட்டத்தை வெறுமையா விட்டிட்டு அண்டைக்குப் போய் நிண்டா திகதி தள்ளிப்போகும், இன்னொரு நாள் சம்பளம் போச்சு. மகன் வந்து சொல்லுவான் எண்டு நம்பிப் போகாதேங்கோ.

வீடு மாறினீங்கள் எண்டா லைசென்ஸ் விலாசத்தை 6 நாளுக்குள்ள மாத்தோணும். விசாரணை கேட்டிருந்தா கோர்ட்டுக்கும் தனியா அறிவியுங்கோ, ஒரு இடத்தில மாத்தினா மற்ற இடம் தானா மாறாது. அண்ணைக்கு நடந்தது இது தான், விசாரணைக் கடிதம் பழைய பேஸ்மென்ற்றுக்குப் போச்சு, அங்க இருந்தவை திரும்பி அனுப்பவுமில்லை, இவர் இல்லாமலே முடிஞ்சுது. அப்படி நடந்தாலும் தெரிய வந்து 15 நாளுக்குள்ள கோர்ட் கவுண்டரில வழக்கைத் திரும்பத் திறக்கச் சொல்லி சத்தியக் கடதாசியோட கேக்கலாம். கவுண்டரில அண்ணைக்கு முதல் சொன்னது "இனி ஒண்டும் செய்யேலாது, காசைக் கட்டுங்கோ" எண்டு. மற்றநாள் நானும் கூடப் போய் வழக்கைத் திரும்பத் திறக்கிற ஃபோர்ம் எண்டு சொல்லிக் கேட்ட பிறகு தான் லாச்சியைத் திறந்து எடுத்துத் தந்தவை. கேக்கத் தெரிஞ்சவனுக்கு மட்டும் கிடைக்கிறது எண்டா, 12 மணித்தியாலம் பக்ரறியில நிக்கிற மனுசன் எங்க போறது?

ரிக்கெற் உடைச்சுத் தாறம் எண்டு காசு கேக்கிறவையிட்ட குடுக்க முந்தி, அவை லைசென்ஸ் உள்ள பராலீகலோ (வக்கீல் இல்லாட்டியும் இப்படியான சின்ன வழக்குகளில வாதாட அனுமதி உள்ள ஆள்) எண்டு ஒன்ராறியோ லோ சொசையிற்றியின்ர தளத்தில பேரைப் போட்டுப் பாருங்கோ. ரெண்டு நிமிச வேலை.

வாடகைக் காரில கட்டப்போறவை ஒப்பந்தத்தை முதல் வாசியுங்கோ, கூரையில ஒண்டும் கட்டக்கூடாது எண்டு இருந்தா கூடுதல் காசு குடுத்து எடுத்த பாதுகாப்பும் அந்த நேரம் உதவாது. சொந்தக் கார் எண்டாலும் கார் இன்சூரன்ஸ் காருக்குத் தான், மேல இருந்த வள்ளம் விழுந்து உடைஞ்சா அது வீட்டு இன்சூரன்ஸ் பக்கம், அங்க நீங்க முதல் கட்டவேண்டிய தொகை வள்ளத்தின்ர விலையை விடக் கூடவா இருக்கலாம்.

இன்னொண்டு, 2022 ஜனவரி 1 இல இருந்து வாவியால எடுத்த வள்ளத்தில ஒட்டியிருக்கிற பாசி, செடி, சிப்பி எல்லாத்தையும் அகற்றிப்போட்டுத் தான் றோட்டில கொண்டுபோகலாம். ஒரு வாவியின்ர பூச்சி மற்ற வாவிக்குப் போகக்கூடாது எண்டு தான், நியாயமான சட்டம். கரையில வைச்சே கவிட்டுத் தண்ணியை ஊத்தி, துணியால துடைச்சுப்போட்டுக் கட்டுங்கோ. அந்த நேரமே சூரியன் எங்க நிக்குது எண்டு பாத்து, சைக்கிளுக்குப் பூட்டுற சிவப்பு லைற் ஒண்டை பற்றறி ஓடுதோ எண்டு பாத்து வாலில கட்டிவிடுங்கோ, வெளிக்கிட்ட பிறகு ஹைவே கரையில நிண்டு கட்டேலாது.