அப்பாவுக்கு ஜோக் புரியவில்லை என்றால்

"கல்யாணம் ஆகிப் பத்து வருஷம் ஆச்சுங்க. இதுவரைக்கும் எங்களுக்குள்ள ஒரு சண்டைகூட வந்ததில்ல." ஒரு நொடி இடைவெளி. "அவ துபாய்ல இருக்கா, நான் தாம்பரத்துல."

நான் பேச்சு-மொழிச் சிகிச்சையாளர். சிகிச்சை அறையில் ஸ்டாண்ட்-அப் காமெடி பாணியில் இதை நான் சொன்னதும் பக்கத்தில் இருந்த பயிற்சி மாணவி சிரித்துவிட்டார். எதிரே இருந்த பெரியவர் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "துபாய்ல என்ன வேலை பாக்குறாங்க?"

மூன்று மாதம் முன்பு அவருக்கு மூளையின் வலது பாதியில் பக்கவாதம். இடது கை தளர்ந்துவிட்டது, ஆனால் பேச்சு துளியும் குழறவில்லை. அதனாலேயே பேச்சு-மொழிச் சிகிச்சை தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை. "அப்பாவுக்குத் திமிர் வந்துடுச்சு மேடம்" என்றார் மகள், கண் கலங்க.

திமிர் இல்லை. எதனால் என்று புரிய, அந்த ஜோக்கையே பிரித்துப் பார்க்கலாம்.

பேசும்போது நாம் எல்லோரும் சில விதிகளை நம்பித்தான் பேசுகிறோம். பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் 1967-இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் அவற்றை வகுத்தார்; 1975-இல் அது கட்டுரையாக அச்சேறியது. தேவையான அளவு சொல்ல வேண்டும், உண்மையைச் சொல்ல வேண்டும், சம்பந்தத்தோடு பேச வேண்டும், தெளிவாகப் பேச வேண்டும்.

மேடையில் நிற்பவர் முதல் விதியில் கை வைக்கிறார். தனித்தனி ஊரில் இருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார் என்று நம்பி, 'அன்யோன்யமான ஜோடி' என்று நாமே நிரப்பிக்கொள்கிறோம். பொய் சொல்பவரும் விதியை மீறுகிறார், ஆனால் மறைத்து மீறுகிறார். காமெடியன் மீறியதை நம் கண்முன்னே போட்டு உடைக்கிறார். உடனே மனம் பின்னால் ஓடி, முதல் வரியைப் புது அர்த்தத்தில் படித்துவிட்டுத் திரும்புகிறது. அந்த ஓட்டத்தில்தான் சிரிப்பு பிறக்கிறது. "எங்க தெரு டிராஃபிக்ல மாட்டின பையன் வெளிய வரும்போது மீசை முளைச்சிருந்தது" என்பதில் உடைவது உண்மை என்ற விதி.

இப்படிப் பின்னோக்கிப் போய் முடிச்சுப் போடும் வேலையில் மூளையின் வலது பாதிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே அடிபட்டவர்களில் பலருக்கு, எதிர்பாராத ஏதோ வந்தது என்பது தெரியும். முன்னால் சொன்னதோடு அதைச் சேர்க்கத்தான் வராது.

ஜோக்கோடு போனால் பரவாயில்லை. வீட்டுப் பேச்சும் இதே விதிகளில்தான் ஓடுகிறது. "என்ன வெயில் அடிக்குது" என்று அந்தப் பெரியவரின் மனைவி சொன்னால், ஃபேன் போடச் சொல்கிறார் என்று முன்பு அவருக்குப் புரியும். இப்போது "ஆமா" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு எவ்வளவு வலித்திருக்கும்!

சிரிக்காதவர் எல்லாம் நோயாளி என்று நான் சொல்லவில்லை. பக்கவாதத்துக்கு முன் ரசித்துச் சிரித்தவர், ஜாடையாகச் சொன்னாலே பிடித்துக்கொண்டவர், இப்போது மாறியிருந்தால், பேச்சு நன்றாக இருந்தாலும் பேச்சு-மொழிச் சிகிச்சையாளரிடம் அழைத்து வாருங்கள். அதுவரை ஜாடை வேண்டாம், நேராகச் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவரிடம் ஜோக்கை முதல் வரியில் நிறுத்தி, "என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டு, பிறகு மீதியைச் சொல்லி ஒப்பிடப் பழக்குகிறோம். போன வாரம் விரல் விட்டு எண்ணுவதுபோல் சொன்னார்: "ஒரே வீட்ல இல்ல... அதான் சண்டை இல்ல." சிரிப்பு இன்னும் வரவில்லை. வெளியே காத்திருந்த மனைவி, "வெயிலா இருக்கு, குடையை விரிங்க" என்றார். விரித்தார்.