லேப்1 என்று எழுதினால் லேப்12-உம் அகப்படும்

கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகங்களைப் பராமரித்துவந்த காலத்தில், முதல் ஆய்வகத்தின் 30 கணினிகளில் மட்டும் ஒரு மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவ வேண்டியிருந்தது. பெயர்கள் லேப்1-01, லேப்1-02 என்ற முறையில் அமைந்திருந்ததால் (ஆங்கில எழுத்தில் இருந்தவற்றை இங்கே தமிழில் தருகிறேன்), விண்டோஸ் கணினிகளைக் கட்டளைகளால் இயக்கும் பவர்ஷெல் ஸ்கிரிப்டில் "லேப்1" என்ற ரெஜெக்ஸை (தேட வேண்டிய எழுத்து வடிவத்தை விவரிக்கும் குறிமுறை) எழுதி இயக்கினேன். சற்று நேரத்தில் 12-ஆம் ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தது. செய்முறைத் தேர்வு நடுவே அங்கிருந்த கணினிகள் தாமாக ரீஸ்டார்ட் ஆகியிருந்தன.

ரெஜெக்ஸோடு ஒப்பிடும் பவர்ஷெல்லின் மேட்ச் ஆபரேட்டர், பெயர் முழுவதும் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. பெயரின் ஏதேனும் ஓரிடத்தில் அந்த வடிவம் தென்பட்டாலே போதும் என்று ஏற்றுக்கொள்கிறது. ஆகவே லேப்10, லேப்11, லேப்12 மூன்றும் என் வலையில் விழுந்தன. தொடக்கத்தைக் குறிக்கும் ^ குறியையும் முடிவைக் குறிக்கும் $ குறியையும் இட்டு, ^லேப்1-[0-9][0-9]$ என்று எழுதியிருந்தால் அந்தத் தொலைபேசி வந்திராது.

இதைவிட அதிகம் ஏமாற்றுவது நட்சத்திரக் குறி. ரெஜெக்ஸைப் பயன்படுத்தாமல் ஒப்பிடும் பவர்ஷெல்லின் லைக் ஆபரேட்டரில் * என்றால் "எது வேண்டுமானாலும்" என்று பொருள். ரெஜெக்ஸிலோ அதற்கு முன்னுள்ள எழுத்து ஒருமுறைகூட வராமலோ எத்தனை முறை வந்தோ இருக்கலாம் என்று பொருள். 01 முதல் 09 வரையிலான இருக்கைகளை நினைத்து "லேப்1-0*" என்று எழுதுபவர், பூச்சியம் இல்லாத லேப்1-27-ஐயும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. கருவியைப் பொறுத்தவரை அது சரியான வடிவம்தான்.

ரெஜெக்ஸில் "அல்லது" என்று பொருள்படும் செங்குத்துக் கோட்டுக்கும் (|) இத்தகைய குணம் உண்டு. ^லேப்1-|லேப்2- என்பதில் ^ முதல் பாதியை மட்டுமே கட்டுப்படுத்துவதால், "பழையலேப்2-05" என்ற கணினியும் உள்ளே வந்துவிடும். ^(லேப்1|லேப்2)- என்று அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்கும்போது கடைசிக் கோட்டை மறந்து "லேப்1-|லேப்2-|" என்று விட்டுவிட்டால், கோட்டுக்குப் பின்னுள்ள வெற்றிடம் எல்லாப் பெயர்களுக்கும் பொருந்தும். வடிவத்தைத் தாங்கும் மாறி வெறுமையாக இருந்தாலும் இதே கதிதான், அதாவது சர்வர்கள் உட்பட அனைத்துக்கும் மென்பொருள் போய்ச் சேரும். என் அனுபவத்தில் தவறான வடிவத்தைவிட வெற்று வடிவமே பயங்கரமானது.

எதிர்த்திசைச் சிக்கலும் உண்டு. விண்டோஸ் வலையமைப்பில் கணினியைக் குறிக்கும் பழைய முறையான நெட்பயாஸ் பெயருக்கு 15 எழுத்துகளே வரம்பு என்பதால், நீளமான பெயரின் இறுதி எண்கள் வெட்டுப்பட்டுவிடும். வேறு சில கருவிகளோ டொமைன் பெயரையும் சேர்த்து முழுப்பெயராகத் தரும். இரண்டு நிலையிலும் $ இட்ட வடிவம் பொருந்தாமல் போகும். சில கணினிகள் பல மாதம் அப்டேட் இல்லாமலே கிடக்கும். எந்தக் கருவி எந்த மொழியைப் பேசுகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் கணினி மேலாண்மைக் கருவியான எஸ்சிசிஎம்மில், கணினிக் குழுக்களான கலெக்‌ஷன்களின் வினவல் மொழியில் ரெஜெக்ஸே கிடையாது. அங்கே எத்தனை எழுத்துகளையும் குறிக்கும் % குறி, ஏதேனும் ஓர் எழுத்தைக் குறிக்கும் அடிக்கோடு, சதுர அடைப்புக்குறி போன்ற சில குறிகள்தான். பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆன்சிபிளில் வடிவத்தின் முன் ~ இட்டால்தான் அது ரெஜெக்ஸாகக் கருதப்படும்.

இப்போதெல்லாம் நிறுவும் கட்டளைக்கு முன், அதே வடிவத்தால் பெயர்ப் பட்டியலை மட்டும் எடுத்துப் பார்க்கிறேன். ஆன்சிபிளில் இதற்கென்றே லிஸ்ட்-ஹோஸ்ட்ஸ் என்ற தெரிவு இருக்கிறது. கிடைத்த எண்ணிக்கையைச் சொத்துப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறேன். எதிர்பார்த்ததைவிட ஒன்று கூடினாலும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும்படி எழுதுகிறேன். பொருந்தவே கூடாத பெயர்களைக் கொண்ட ஒரு சிறு கோப்பும் வைத்திருக்கிறேன். அதன் முதல் வரி லேப்12-01.