‘இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை’ என்று எழுதும் முன்

ஆய்வுக்கு முன் எழுதித் தரும் திட்டச் சுருக்கமான சினாப்சிஸ்களில் எனக்குப் பயம் தரும் வாக்கியம் ஒன்று உண்டு: “இந்தத் தலைப்பில் இதுவரை ஆய்வு எதுவும் நடைபெறவில்லை.” அந்த வரியோடு நூலகத்துக்கு வருகிறவர்களிடம் நான் இரண்டே கேள்விதான் கேட்பேன். எங்கே தேடினீர்கள்? என்ன சொல் போட்டுத் தேடினீர்கள்? முதல் கேள்விக்கு அநேகமாக, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் என்று பதில் வரும். இரண்டாவதற்கு, தலைப்பை அப்படியே முழுசாகத் தட்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

அண்மையில் எம்.எஸ்சி. நர்சிங் மாணவி ஒருவர் வந்தார். பாம்புக்கடிக்கான முதலுதவி பற்றிக் கிராமத்து மக்களுக்கு என்ன தெரியும் என்பது அவருடைய தலைப்பு. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 46,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று முதல் பத்தியில் எழுதியிருந்தார். அது பொய்யான எண் இல்லை. 2011இல் வெளியான முக்கியமான கட்டுரை ஒன்று 2005ஆம் ஆண்டுக்குச் சொன்ன மதிப்பீடு. ஆனால் 2020இல் இன்னொரு கட்டுரை வந்துவிட்டது. 2000 முதல் 2019 வரை 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்கிறது அது. மாணவி தேடிய பக்கத்தில் அது கண்ணில் படவில்லை.

காரணம் எளிது. கூகுள் ஸ்காலர் முடிவுகளை வரிசைப்படுத்தும்போது, பலர் மேற்கோள் காட்டிய கட்டுரைகளை மேலே தூக்கி வைக்கிறது. பழைய கட்டுரைக்கு மேற்கோள் சேரக் காலம் கிடைத்திருக்கும், புதியதற்குக் கிடைத்திருக்காது. இதற்கு மாற்றும் அதே பக்கத்திலேயே இருக்கிறது. 2011 கட்டுரைக்குக் கீழே, அதை மேற்கோள் காட்டியவை எத்தனை என்று ஓர் எண் நீல நிறத்தில் தெரியும். அதைச் சொடுக்கி, உள்ளே ‘2020 முதல்’ என்று ஆண்டைக் கட்டுப்படுத்தினோம். பழைய கட்டுரையின் வாரிசுகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. என்னைக் கேட்டால் கூகுள் ஸ்காலரில் இருக்கும் ஆகச் சிறந்த வசதி அந்தச் சின்ன நீல எண்தான். நிறையப் பேர் அதைத் தொடுவதே இல்லை.

2004இல் வந்த இந்தக் கருவியை நான் குறை சொல்ல மாட்டேன். சந்தா வேண்டாம், பல கட்டுரைகளின் முழு உரைக்குள்ளும் புகுந்து தேடும், ஆய்வேடு, நூல் அத்தியாயம், கருத்தரங்கக் கட்டுரை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். அள்ளும்போது காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களும் சேர்ந்து வரும். சக அறிஞர் மதிப்பாய்வு பெற்றவை மட்டும் போதும் என்று வடிகட்ட அதில் வழியில்லை. எந்தெந்த இதழ்களை உள்ளடக்கியிருக்கிறது என்ற பட்டியலும் வெளியில் கிடையாது. லட்சம் முடிவுகள் என்று மேலே போட்டிருந்தாலும் முதல் ஆயிரத்துக்கு மேல் காட்டாது.

சரி, அதே பாம்புக்கடியைப் பப்மெட்டில் தேடினால் என்ன நடக்கிறது? அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இலவசத் தளம் அது. முழு உரைக்குள் புகாது. தலைப்பு, சுருக்கம், பொருள் தலைப்பு இவற்றில்தான் தேடும். அதன் பலம் அந்தப் பொருள் தலைப்புகளில் இருக்கிறது. பாம்புக்கடியை ஆங்கிலத்தில் சிலர் ஒரே சொல்லாக எழுதுவார்கள், சிலர் பிரித்து எழுதுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆவணங்களில் ‘ஸ்நேக்பைட் என்வெனமிங்’ என்று இருக்கும். பழைய இந்திய மருத்துவக் கட்டுரைகளில் ‘ஓஃபிடாக்சீமியா’ என்று இருக்கும். ஆசிரியர் எந்தச் சொல்லை எழுதியிருந்தாலும், விஷயம் பாம்புக்கடி என்றால் ‘ஸ்நேக் பைட்ஸ்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவருவதுதான் ‘மெஷ்’ (MeSH) எனப்படும் ஏற்பாடு. அலமாரியில் அட்டைப் பட்டியல் வைத்திருந்த காலத்தில் எங்களைப் போன்றவர்கள் கையால் செய்த அதே வேலை. ஓஃபிடாக்சீமியா என்ற சொல்லையே அந்த மாணவி அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தார்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் தலைப்பு இருக்காது. புதிதாக வந்த சிலவற்றுக்கு அது இன்னும் ஏறியிருக்காது. அதனால் மெஷ் சொல்லையும் சாதாரணச் சொற்களையும் ‘ஆர்’ (OR) போட்டு இணைத்துத் தேடுங்கள்.

ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற கட்டுரைத் தேடுதளங்கள் இரண்டும் சந்தா கட்டினால்தான். நம் ஊரில் ஸ்கோபஸ் என்றாலே கட்டுரை போட வேண்டிய இடம் என்றுதான் பேச்சு. அது ஒரு தேடுகருவி என்பது பலருக்கு மறந்தே போய்விட்டது. தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் சேர்ப்பதால் குப்பை குறைவு. ஆனால் தமிழில் வரும் ஆய்விதழ்களையும் நம் மாவட்டத்து ஆய்வுகளையும் அங்கே எதிர்பார்க்க முடியாது. சந்தா இல்லாத கல்லூரியில் படிப்பவர்கள் ஓப்பன்அலெக்ஸ் என்ற தேடுதளத்தின் பக்கம் போய்ப் பாருங்கள், அது இலவசம்.

நம் மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியதும், பார்க்காமல் விடுவதும் சோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் அங்கே சேர்த்து வைத்திருக்கிறது. வெளிநாட்டு இதழில் இல்லாத உங்கள் தலைப்பு, பக்கத்து மாவட்டப் பல்கலைக்கழகத்து ஆய்வேடாக அங்கே படுத்திருக்கலாம். தமிழ் ஆய்வேடு என்றால் கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும். பல கோப்புகள் ஸ்கேன் செய்தவை அல்லது பழைய எழுத்துருவில் தட்டியவை. அவற்றுக்குள் தமிழ்ச் சொல் போட்டால் ஒன்றும் வராது. வராததால் இல்லை என்று ஆகிவிடாது. துறை, நெறியாளர் பெயர், பல்கலைக்கழகம் என்று உலாவித்தான் பார்க்க வேண்டும்.

எழுத்துக்கூட்டல் தொல்லை தனி. சிலப்பதிகாரத்தை ஆங்கில எழுத்தில் நாம் ‘எஸ்’ போட்டுத் தொடங்குவோம். அமெரிக்க நூலகப் பட்டியல்களில் அது ஆங்கில ‘சி’யில் (C) தொடங்கும். நடுவில் வரும் தகரத்தை எழுதப் பல விதம் இருக்கிறது. ஒரே வடிவத்தில் தேடிவிட்டு எழுந்துபோன ஒரு தமிழ் ஆய்வாளர், அடுத்த வடிவத்தைப் போட்டதும் தன் அத்தியாயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள நூலைக் கண்டார். வாய்மொழித் தேர்வு அறையில் அந்த நூலைப் பற்றிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்!

இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கிய பட்டியலோடும் வருகிறார்கள். ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், இதழும் உண்மையாக இருக்கும், அப்படி ஒரு கட்டுரை மட்டும் சில நேரம் இருக்காது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் கட்டுரைக்கென்றே தரப்படும் அடையாளமான டிஓஐ எண் போட்டுத் திறந்து, சுருக்கத்தையாவது கண்ணால் பார்க்காமல் ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள். கட்டுரை உண்மையிலேயே இருந்து, காசு கேட்கிறதா? அரசுக் கல்வி நிறுவனத்தில் இருக்கிறவர்கள் 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வழியாகப் பாருங்கள். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அதில் அடக்கம். தனியார் கல்லூரி என்றால் உங்கள் நூலகரிடம் கேளுங்கள், எங்களுக்குள் கேட்டு வாங்கித் தரும் பழக்கம் உண்டு.

அப்புறம், ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, கருவி, போட்ட சொல், வந்த எண்ணிக்கை, எடுத்துக்கொண்டவை: இந்த ஐந்தும் ஒரே வரியில். அந்த நர்சிங் மாணவி அப்படித்தான் நான்கு பக்கம் எழுதினார். அவருடைய சினாப்சிஸில் “ஆய்வு எதுவும் நடைபெறவில்லை” இப்போது இல்லை. பப்மெட், கூகுள் ஸ்காலர், சோத்கங்கா மூன்றிலும் எந்தச் சொற்களால், எந்தத் தேதி வரை தேடினார் என்று இருக்கிறது. அதற்குக் கீழே, அவர் கண்டெடுத்த முந்தைய ஆய்வுகள் ஏழும் இருக்கின்றன.